கடிகாரம் தீர்ப்பு சொல்லாது

"மச்சான், ஜட்ஜ் மார்க் போட்டா அது ஸ்போர்ட்டே இல்லடா. ஸ்கூல் ஆண்டுவிழா."

என்னோடு வேலை பார்க்கும் நண்பன் சொன்னது. 2026 பிப்ரவரி, இத்தாலியின் லிவிஞ்ஞோ. ஒலிம்பிக் ஆண்கள் மொகல்ஸ் இறுதி முடிந்திருந்தது. ஆஸ்திரேலியாவின் கூப்பர் வூட்ஸ் 83.71. கனடாவின் மிக்கேல் கிங்ஸ்பரி, அவரும் 83.71. தங்கம் வூட்ஸுக்கு. காரணம், திருப்பங்களுக்கான மதிப்பெண் அவருக்குக் கொஞ்சம் அதிகம். நண்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்கு. ஒருத்தன் அழகா திரும்பினான்னு தங்கம் குடுத்துட்டானுங்க. ஸ்டாப்வாட்ச் எதுக்கு இருக்கு?"

இந்தக் கேள்வியோடுதான் என் சண்டை. அவன் ஒருவனோடு மட்டும் இல்லை. பொறியியல் படித்த நம் கூட்டம் முழுவதுக்கும் இப்படி ஒரு மூடநம்பிக்கை உண்டு: கருவி அளந்தால் நியாயம், மனிதன் மதிப்பிட்டால் சார்பு. மந்திரித்த கயிறு கட்டுபவரைப் பார்த்துச் சிரிப்போம், டேஷ்போர்டில் வரும் எண்ணைக் கும்பிடுவோம்.

மொகல்ஸ் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சுமார் 250 மீட்டர் நீளப் பனிச்சரிவு. 28 பாகை அளவுக்குச் செங்குத்து. வழியெங்கும் மூன்று நான்கு மீட்டருக்கு ஒன்றாகப் பனிமேடுகள். நடுவே இரண்டு இடங்களில் தாவி, காற்றில் சுழன்று இறங்க வேண்டும். ஆண்கள் இதை ஏறக்குறைய 25 வினாடிகளில் முடித்துவிடுகிறார்கள். 100 மதிப்பெண்ணில் திருப்பங்களுக்கு 60, காற்றில் செய்யும் வித்தைக்கு 20, வேகத்துக்கு 20. திருப்பங்களை 5 நடுவர்கள் பார்க்கிறார்கள். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தள்ளிவிட்டு மீதி மூன்றைக் கூட்டுகிறார்கள். காற்று வித்தைக்குத் தனியாக 2 நடுவர்கள்.

கடிகாரம் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஏற்கெனவே ஒரு போட்டி இருக்கிறது. அதன் பெயர் டவுன்ஹில். அங்கே பாதையைச் சீராக்கி, இறுக்கி, வழவழப்பாக வைப்பார்கள். யார் முதலில் என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். மொகல்ஸின் மேடுகளோ ஆதியில் யாரும் திட்டமிட்டுக் கட்டியவை இல்லை. ஒரே சரிவில் ஆயிரம் பேர் திரும்பித் திரும்பி இறங்கும்போது, சறுக்குப் பலகை தள்ளிய பனி அங்கங்கே குவிந்து தானாக எழும்பியவை. அந்தக் கரடுமுரடில் ஒருவன் எப்படி இறங்குகிறான் என்று வேடிக்கை பார்த்ததில் பிறந்த விளையாட்டு இது. 'எப்படி' என்ற கேள்விக்குக் கடிகாரத்திடம் பதில் கிடையாது.

சரி, அந்த 20 மதிப்பெண் வேகமாவது சுத்தமான அளவையா? வினாடியை அப்படியே மதிப்பெண்ணோடு கூட்ட முடியாது. பாதையின் நீளத்தை வைத்து ஒரு நிர்ணய நேரம் கணக்கிடுகிறார்கள். வீரரின் நேரத்தை அதோடு ஒப்பிட்டு ஒரு சூத்திரத்தில் போட்டால்தான் மதிப்பெண் வரும். நிர்ணய வேகத்தை யார் முடிவு செய்தது? சூத்திரத்தை யார் எழுதியது? வேகத்துக்கு 20 போதும் என்று யார் சொன்னது? ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்த மனிதர்கள். கோட் எழுதுகிறவனுக்கு இது தெரியாதா? எந்த அளவுகோலுக்கு உள்ளேயும் யாரோ ஒருவர் ஒருநாள் கையால் எழுதிய மாறிலி ஒன்று இருக்கும்.

அந்த 83.71-க்கு வருவோம். மொத்தம் சமம், திருப்பத்தில் வூட்ஸ் முன்னால். அப்படியென்றால் காற்றையும் வேகத்தையும் சேர்த்தால் கிங்ஸ்பரி முன்னால். இரண்டில் எது பெரிது? இந்த விளையாட்டு எதற்காக இருக்கிறது என்று ஒரு நிலைப்பாடு எடுக்காமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. மொகல்ஸ்காரர்கள் அந்த நிலைப்பாட்டை முன்கூட்டியே விதியாக எழுதி வைத்திருந்தார்கள்: எங்களுக்குத் திருப்பம்தான் உயிர். இருவருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் மேலே நின்றார்கள். 2018-இல் தங்கம், 2014, 2022, 2026-இல் வெள்ளி என்று ஒலிம்பிக் வரலாறு கொண்ட கிங்ஸ்பரிக்கு இது வலித்திருக்கும். வலி வேறு, அநீதி வேறு.

நடுவர்கள் தெய்வங்கள் என்று சொல்ல வரவில்லை. எனக்கு எதிரான வாதத்தை நானே வைக்கிறேன். 1998-இல் நாகானோவில் தங்கம் வென்ற அமெரிக்கர் ஜானி மோஸ்லி, 2002-இல் சால்ட் லேக் ஒலிம்பிக்குக்கு 'டின்னர் ரோல்' என்றொரு வித்தையோடு வந்தார். உடலைச் சாய்த்து, அச்சிலிருந்து விலகி இரண்டு முழுச் சுற்று. அன்றைய விதிப்படி மொகல்ஸில் தலைகீழ் வித்தைகளுக்குத் தடை. மோஸ்லி அந்தத் தடையின் விளிம்பிலேயே சுழன்றார். அங்கே இருந்தவர்களில் வேறு யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். கிடைத்தது நான்காம் இடம். பழகிய வித்தைகளைப் பிசிறில்லாமல் செய்தவர்கள் பதக்கம் வாங்கினார்கள். நடுவர்களின் கண் பழக்கத்துக்கு அடிமையாகும், புதியதைப் பார்த்தால் திகைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். என்ன மார்க் போட்டார்கள், எந்த விதியில் போட்டார்கள் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. எனவே சண்டை போட முடிந்தது. சில ஆண்டுகளிலேயே தலைகீழ் வித்தைகளுக்கு அனுமதி வந்தது. இன்று அவை இல்லாத இறுதிச் சுற்றை யோசிக்கவே முடியாது. தீர்ப்பு வெளிச்சத்தில் இருந்தால் அதைத் திருத்தலாம். 2010 வான்கூவரில் அலெக்ஸ் பிலோடோ 26.75, டேல் பெக்-ஸ்மித் 26.58. சொந்த மண்ணில் கனடாக்காரருக்கு 0.17 வித்தியாசத்தில் தங்கம். சந்தேகப்படுபவர் தாராளமாகச் சந்தேகப்படலாம், ஒவ்வொரு திருப்பமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்து வாதாடலாம். கடிகாரத்திடம் அப்படி வாதாட முடியாது.

இப்போது என் கதை. சில வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், அப்ரைசலில் எனக்கு 3 வந்தது. மேனேஜரிடம் போனேன். "நான் 4 தான் குடுத்தேன்பா. நார்மலைசேஷன்ல 3 ஆயிடுச்சு" என்றார். யார் செய்த நார்மலைசேஷன்? "சிஸ்டம்." சிஸ்டத்துக்குள் யார்? அவருக்கும் தெரியவில்லை. அந்த வருடம் ராத்திரி ராத்திரியாக நான் உட்கார்ந்து சரிசெய்த ஒரு பழைய மாட்யூலைப் பார்த்த ஒரே ஒரு ஆள் எனக்கு 2 போட்டிருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன். எதிரே உட்கார வைத்து, "எங்கேய்யா தப்பு?" என்று கேட்டிருப்பேன். அந்த 3-ஐ எதிரே உட்கார வைக்க முடியவில்லை. மனிதர்கள் போட்ட தீர்ப்புதான் அதுவும், ஆனால் எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட தீர்ப்பு. எனக்குப் பயம் இதைப் பார்த்துத்தான். சரிவின் அடியில் குளிரில் உட்கார்ந்து, அங்கேயே, எல்லோர் முன்னாலும் மார்க் போடும் ஐந்து பேரைப் பார்த்து எனக்கு எந்தப் பயமும் இல்லை.

இலக்கியம் வாசிக்கும் நண்பர்களே, நாம் மட்டும் யோக்கியமா? "ரசனை அவரவர் விருப்பம், விமர்சகன் யார் தரம் சொல்ல?" என்று ஒரு வாயால் கேட்கிறோம். அதே வாயால் இந்த நாவல் எத்தனை பதிப்பு போனது, எத்தனை ஸ்டார் வாங்கியது என்று விசாரிக்கிறோம். பெயர் போட்டு, காரணம் சொல்லி, ஒரு கதையை மோசம் என்று எழுதுபவனுக்கு 'அதிகாரத் திமிர்' பட்டம் கட்டுகிறோம். முகமே இல்லாத ஸ்டார் எண்ணிக்கைக்கு மட்டும் எந்தப் பட்டமும் இல்லை. தப்பாகச் சொன்ன விமர்சகனோடு மல்லுக்கட்டலாம். 4.2-ஓடு எப்படி மல்லுக்கட்டுவது?

மூன்று நாள் கழித்து, ஒலிம்பிக்கில் முதல்முறையாக இரட்டை மொகல்ஸ். இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துப் பாதையில் ஒன்றாக இறங்குவது. தங்கம் கிங்ஸ்பரிக்கு. நண்பன் குஷியாகிவிட்டான். "பாத்தியா, ஒண்ணா ஓடவிட்டா உண்மை தெரிஞ்சிருச்சு."

"டேய், அதுலயும் ஜட்ஜ் உண்டு. முதல்ல கோட்டைத் தொட்டவன் ஜெயிச்சான்னு அர்த்தம் இல்ல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு வீடியோவைப் பின்னால் இழுத்து, மெதுவாக ஓடவிட்டு, முழங்கால்களைப் பார்க்க ஆரம்பித்தான். "இந்த எடத்துல கால் கொஞ்சம் விரிஞ்சிருச்சுல்ல?" என்றான்.

ஆமாம், விரிந்திருந்தது. அதற்கு எவ்வளவு குறைக்கலாம் என்று அன்று இரவு அரைமணி நேரம் சண்டை போட்டோம்.