தீர விசாரிப்பது எப்படி?



“நான் என் கண்ணாலேயே பார்த்தேன்!” என்று ஒருவர் அடித்துச் சொல்லிவிட்டால், அதற்கு மேல் வாதாட நமக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் நம் முன்னோர் அவ்வளவு எளிதில் மசியவில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பழமொழி சொல்லி வைத்தார்கள்.

பழமொழி சரிதான். ஆனால் ‘தீர விசாரிப்பது’ என்றால் என்ன? யாரை விசாரிப்பது? என்ன கேள்வி கேட்பது? விசாரணை தீர்ந்துவிட்டது என்று எப்படி அறிவது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிய முயற்சியில்தான் இன்றைய விஞ்ஞான முறை உருவாயிற்று. அந்த விடையை நம் பள்ளிகள் மாணவர்களுக்குச் சரியாகச் சொல்லித் தருவதில்லை என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைப் பார்ப்போம்.

குன்னத்து ‘முட்டைகள்’

ஜெயங்கொண்டத்திலிருந்து கடற்கரை கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆனால் பழைய கடலைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் மேற்கே போக வேண்டும்! அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துப் பாறைகளில் கடற்சிப்பிகள், சுறாமீன் பற்கள், நத்தைக்கூடு போலச் சுருண்ட அம்மோனைட் ஓடுகள் முதலியன கல்லாகக் கிடக்கின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், இங்கே கடல் இருந்தது.

2020ஆம் ஆண்டின் இறுதியில், பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலை ஒன்றில் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. “டைனோசர் முட்டைகள்!” என்று செய்தி பரவியது. கைப்பேசிகள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயின. மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். விவரம் அறிந்தவர்கள் ஆராய்ந்துவிட்டு, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டுகளைச் சுற்றித் தாதுப்பொருள்கள் படிந்து திரண்ட கல் உருண்டைகள் என்று விளக்கினார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பார்க்க வந்த மக்களின் கண்கள் பொய் சொல்லவில்லை. கற்கள் உருண்டையாகத்தான் இருந்தன. முட்டையைப் போலத்தான் இருந்தன. ‘முட்டையைப் போல இருக்கிறது’ என்பது அனுபவம். ‘ஆகவே முட்டைதான்’ என்பது நாமே சேர்த்துக்கொண்ட முடிவு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் பிழை புகுந்தது.

உறைந்த நீரை நம்பாத அரசர்

அறிவெல்லாம் அனுபவத்திலிருந்தே வருகிறது என்று வாதிட்டவர் ஜான் லாக் என்னும் ஆங்கிலத் தத்துவஞானி. பிறக்கும்போது நம் மனம் எழுதப்படாத வெள்ளைத்தாள். அதில் எழுதுவது அனுபவமே என்றார். மனித அறிவைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1690ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது.

அந்த நூலிலேயே அவர் ஒரு கதை சொல்கிறார். சயாம் நாட்டு அரசரிடம் டச்சுத் தூதர் ஒருவர், “எங்கள் நாட்டில் குளிர்காலத்தில் தண்ணீர் கெட்டியாகி மனிதர்கள் அதன்மேல் நடப்பார்கள், யானை வந்தால்கூடத் தாங்கும்” என்றாராம். அதுவரை தூதர் சொன்னதையெல்லாம் நம்பிய அரசர், “இப்போதுதான் நீ பொய்யன் என்று தெரிந்துகொண்டேன்” என்றாராம். 1748ஆம் ஆண்டில் டேவிட் ஹியூம் இதே போன்ற கதையைச் சொன்னபோது, உறைபனியை நம்ப மறுத்தவர் ஓர் இந்திய இளவரசர் என்று எழுதினார்.

அரசரை முட்டாள் என்று சிரித்துவிடாதீர்கள். வெப்ப நாட்டில் பிறந்தவருக்கு அவருடைய அனுபவம் அவ்வளவுதான். ஜெயங்கொண்டத்து வெயிலில் நின்றுகொண்டு, “மேற்கே சிறிது தூரத்தில் கடல் இருந்தது” என்று சொன்னால் நமக்கும் அப்படித்தானே இருக்கிறது? ஒரு மனிதனின் அனுபவம் சிறியது. அதனால் மட்டுமே உலகத்தை அளந்தால், சில சமயம் இல்லாத முட்டையைக் காண்போம். சில சமயம் இருந்த கடலைக் காணத் தவறுவோம்.

அறிவதற்கான வழிகளை அளவைகள் என்று பெயரிட்டு ஆராய்ந்த மரபு நமக்கும் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் காண்டல், கருதல் முதலான அளவைகள் விரிவாகப் பேசப்படுகின்றன. பார்த்தது போதாது, பார்த்ததிலிருந்து சரியாகக் கருதவும் தெரிய வேண்டும் என்பது நம்மவருக்கும் தெரிந்திருந்தது. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஓங்கி வளர்ந்தது வேறொன்று. இயற்கை தானாகக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிராமல், கருவியும் கையுமாக அதனிடம் போய்க் கேள்வி கேட்டு, கேட்ட விதத்தை மற்றவர்களும் அறிய எழுதிவைக்கும் பழக்கமே அது.

கைகாட்டி மரம்

அந்தப் பழக்கத்திற்காக உரத்துக் குரல் கொடுத்தவர் பிரான்சிஸ் பேக்கன். ‘புதிய கருவி’ என்று பொருள்படும் அவருடைய லத்தீன் நூல் 1620ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் அவர் மூன்று சிற்றுயிர்களைக் காட்டுகிறார். எறும்பு வெறுமனே சேர்த்து வைக்கிறது. சிலந்தி தன் உடலிலிருந்தே வலை பின்னுகிறது. தேனீயோ வெளியிலிருந்து எடுத்துவந்து, தன் திறத்தால் அதைத் தேனாக மாற்றுகிறது. தகவலை மட்டும் குவிப்பவர் எறும்பு. எதையும் பார்க்காமல் கற்பனை செய்பவர் சிலந்தி. உண்மையான ஆராய்ச்சியாளரோ தேனீ.

மனத்தை மயக்கும் பொய்த்தெய்வங்கள் என்று சிலவற்றையும் அவர் குறிப்பிட்டார். மனம் ஒன்றை நம்பிவிட்டால், அதற்கு ஆதரவானவற்றையே தேடிப் பிடிக்கும். எதிரானவற்றைக் கண்டும் காணாமல் விட்டுவிடும். சினிமாவில் டைனோசர் பார்த்த நமக்கு உருண்டைக் கல் முட்டையாகத் தெரிவதில் வியப்பென்ன?

இதற்கு மருந்து என்ன? பேக்கன் சொன்னவற்றுள் மிக அழகானது கைகாட்டி மரம். நீங்கள் ஜெயங்கொண்டம் நான்கு ரோட்டில் வழி தெரியாமல் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சாலைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. எது எந்த ஊருக்குப் போகிறது என்று கைகாட்டி மரமே சொல்லும். அதைப்போல, இரண்டு கருத்துகள் ஒன்றுக்கொன்று போட்டியிடும்போது, அவை எங்கே பிரிகின்றன என்று காட்டும் சோதனையைத் தேட வேண்டும்.

வீட்டில் இதைச் செய்து பாருங்கள். ஒரு கோழிமுட்டை ஓட்டை வினிகரில் போடுங்கள். குமிழிகள் கிளம்பும். முட்டை ஓட்டில் உள்ள கால்சியம் கார்பனேட் அமிலத்தோடு சேர்ந்து கரியமில வாயுவை வெளிவிடுகிறது. டைனோசர் முட்டையின் ஓடும் கால்சியம் கார்பனேட்தான். அப்படியானால், சந்தேகத்துக்குரிய உருண்டைக் கல்லின்மேல் வினிகரை விட்டுக் குமிழி வந்தால் அது முட்டை என்று முடிவு கட்டலாமா?

கூடாது! சுண்ணாம்புச் சத்துள்ள சாதாரணக் கல்லும் குமிழி விடும். முட்டையானாலும் குமிழி, கல்லானாலும் குமிழி என்றால், அந்தச் சோதனை எந்தப் பக்கமும் கை காட்டவில்லை. நாம் சோதனை செய்தோம் என்பது உண்மை; ஆனால் கேள்வி கேட்கவில்லை.

கை காட்டும் கேள்விகள் வேறு. முட்டை என்றால், மெல்லிய ஓடு தனி அடுக்காகத் தெரிய வேண்டும். உள்ளே வளரும் குஞ்சு மூச்சு விடுவதற்கான நுண்துளைகள் அந்த ஓட்டில் இருக்க வேண்டும். மாறாக, கடலுயிரைச் சுற்றித் திரண்ட உருண்டை என்றால், ஓட்டுக்குப் பதிலாகப் படிவும், உள்ளே சுருண்ட கடலுயிரின் அடையாளமும் தெரியலாம். இங்கே இரண்டு வழிகளும் பிரிந்துவிடுகின்றன. இதுதான் தீர விசாரிப்பது.

கல்லான மரம்

1660ஆம் ஆண்டில் லண்டனில் ராயல் சொசைட்டி தோன்றியது. ‘யார் சொன்னார் என்பதற்காக ஏற்காதே’ என்னும் கருத்துடைய லத்தீன் வாசகத்தை அது தன் குறிக்கோளாகக் கொண்டது. அதன் சோதனைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் ராபர்ட் ஹூக். 1665இல் வெளியான தம் நூலில், அவர் கல்லான மரத்துண்டு ஒன்றை நுண்ணோக்கியில் ஆராய்ந்ததை எழுதியிருக்கிறார்.

பூமிக்குள் இயற்கை தானாகவே விளையாட்டாக இத்தகைய வடிவங்களை உண்டாக்குகிறது என்று கருதியவர்கள் அக்காலத்தில் பலர். ஹூக் அந்தக் கல்லை மட்டும் பார்த்து நின்றுவிடவில்லை. மரக்கரியையும் உளுத்த மரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். மரத்தில் உள்ள நுண்துளைகளின் அமைப்பு கல்லிலும் இருந்தது. ஆகவே அது ஒரு காலத்தில் மரமே. தாதுப்பொருள் கலந்த நீர் ஊறி ஊறி அதைக் கல்லாக்கிவிட்டது என்று முடிவு செய்தார்.

அத்தகைய மரம் நம் அருகிலேயே இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. 1940ஆம் ஆண்டில் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன்னரே, 1846இல் எட்வர்டு போர்ப்ஸ் தென்னிந்தியப் புதைபடிவங்களை விவரித்து எழுதினார். பிளான்போர்டு 1850களின் இறுதியில் இப்பகுதிப் பாறைகளை அளந்தார். ஸ்டோலிக்ஸ்கா 1860களிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் புதைபடிவங்களைத் தொகுதி தொகுதியாகப் பதிவு செய்தார். எந்த ஓடு எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது என்று பதிவு செய்ததால்தான் இங்கு இருந்த கடலின் வரலாறு நமக்குத் தெரிகிறது.

980 வராவிட்டால்?

இப்போது உங்கள் பள்ளிச் சோதனைக்கூடத்திற்கு வருவோம். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனையை மேல்வகுப்பு மாணவர்கள் அறிவார்கள். விடை 980 சென்டிமீட்டர் அளவில் வர வேண்டும் என்று முன்பே தெரியும். வராவிட்டால் என்ன செய்கிறார்கள்? பலர் அளவீடுகளை அழித்து, 980 வருகிற மாதிரி எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது.

1672ஆம் ஆண்டில் ஜான் ரிஷே என்னும் பிரெஞ்சு வானியலாளர் தென்னமெரிக்காவின் கயேன் தீவுக்குப் போனார். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் தாமதமாக ஓடியது. ரிஷே அதை மறைக்கவில்லை, எழுதினார். புவியீர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதற்கும், பூமி நடுவில் சற்றுப் பருத்தது என்ற நியூட்டனின் கருத்துக்கும் அது சான்றாயிற்று. ரிஷே பாரிஸ் விடை வரும்படி கணக்கைத் திருத்தியிருந்தால்?

ஜெயங்கொண்டத்தில் உண்மையான மதிப்பு 980 அல்ல. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அது 978ஐ ஒட்டியது. பள்ளி ஊசலின் துல்லியம் இந்த வேறுபாட்டைக் காட்டாது என்பது உண்மை. ஆனாலும் 980க்காக அளவீட்டைத் திருத்துகிறவர், தன் ஊரின் உண்மையை அழித்து, புத்தகத்தின் எண்ணை எழுதுகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

“பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க முடியுமா?” என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் நாமே சோதிக்க முடியாது, தேவையும் இல்லை. சோதித்தவர் எப்படிச் சோதித்தார் என்று சொல்லியிருந்தால், பிறர் அதைத் திரும்பச் செய்து பார்த்திருந்தால், அவரை நம்பலாம். யாரையும் நம்பாதே என்பது விஞ்ஞானம் அல்ல. நம்புவதற்கு முன், “இது எப்படித் தெரிந்தது?” என்று கேள் என்பதே விஞ்ஞானம். ஆண்டுக்கு ஒரே ஒரு சோதனையாவது, விடை முன்கூட்டித் தெரியாததாக இருக்கட்டும். கிடைத்த அளவீட்டை நேர்மையாக எழுதியதற்கு மதிப்பெண் தரட்டும். அது போதும், மாற்றம் தொடங்கிவிடும்.

நண்பர்களே! அரியலூருக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பாருங்கள். வயல்வெளியில் கல்லான சிப்பியைக் கண்டால் உடைக்காதீர்கள். பெயர்த்து எடுத்துக்கொண்டும் போகாதீர்கள். இடம்பெயர்ந்த புதைபடிவம் பாதிச் சாட்சியம் இழந்த சாட்சி. படம் வரையுங்கள், இடத்தைக் குறியுங்கள், ஆசிரியரிடம் காட்டுங்கள். பிறகு உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: நான் பார்த்தது எது? நானாகச் சேர்த்துக்கொண்டது எது? என் எண்ணம் தவறானால் அதைக் காட்டிக்கொடுக்கும் சோதனை எது?

மூன்றாவது கேள்விக்கு விடை கண்டுபிடித்துவிட்டால், தீர விசாரிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள்.