இறங்காத கோடரி

ரிச்சர்ட் டாட் (1817-1886) குறித்து எழுதப்படுவன பெரும்பாலும் 1843இல் தொடங்குகின்றன. அவ்வாண்டில் அவர் தம் தந்தையைக் கொன்றார். எஞ்சிய வாழ்நாள் பெத்லெம், பிராட்மூர் ஆகிய மனநோய்க் காப்பகங்களிலேயே கழிந்தது. அக்கொலையை எந்தக் கலைரசனையும் மறைத்துவிட இயலாது. எனினும், அவருடைய ஓவியங்களை நோயின் அறிகுறிப் பட்டியலாக வாசிக்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை.

பெத்லெமின் அலுவலர் ஹேடனுக்காக அவர் பல்லாண்டுகள் வரைந்த 'ஃபேரி மரவெட்டியின் தேர்ந்த வெட்டு' என்னும் ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். (ஃபேரியைத் 'தேவதை' எனப் பெயர்ப்பது எனக்கு உவப்பன்று, வணங்கப்படும் தெய்வங்களும் அல்லர், வானுலகத்தாரும் அல்லர்.) உயரம் 54 செ.மீ. மட்டுமே. குறுக்கே நீளும் புல்லிதழ்களின் ஊடாகத்தான் நாம் உள்ளே காண்கிறோம்: நெருக்கியடித்து நிற்கும் குறுமேனியர், நடுவில் முதுகு காட்டிக் கோடரி ஓங்கியவன், அவன்முன் ஒரு ஹேசல் கொட்டை. ராணி மேபுக்குப் புதுத் தேர் செய்ய அதனைப் பிளக்கவேண்டும். தேரின் மூலம் ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்'டில் உள்ளது. எல்லோரும் காத்திருக்கின்றனர். இலக்கண மாணவனாகச் சொல்வதாயின், இது 'வெட்டினான்' அன்று, 'வெட்டுகிறான்' என்பதும் அன்று, 'வெட்டப்போகிறான்'. அந்த ஒரு கணத்தை ஒன்பதாண்டு நிறுத்தி வைத்திருப்பது, பித்தின் சிதறலா, கட்டுப்பாடா?

உருவங்களின் நெரிசலே பித்துக்குச் சான்று என்பார் உளர். ஜோசப் நோயல் பேட்டன் 1849இல் வரைந்த ஓபரான், டைட்டானியா பிணக்கில் 165 ஃபேரிகள் இருப்பதாக லூயிஸ் கரோல் எண்ணிக் கூறினார். பேட்டனை எவரும் பித்தர் என்னவில்லை. அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. நெரிசல் அவ்வகை ஓவியத்தின் மரபு. டாட் 'உறங்கும் டைட்டானியா', 'பக்' இரண்டையும் வரைந்ததோ 1841இல், நோய் வெளிப்படுவதற்கு முன்பே.

பிராட்மூரில் 1865இல் அவர் நீண்ட செய்யுள் ஒன்றையும் எழுதினார். படத்தில் இன்னார் இன்னார் என அதில் பாத்திரங்களை அடையாளம் காட்டுகிறார். ஓர் ஓவியர் தாமே உரையெழுதி வைத்திருக்க, நாமோ மருத்துவக் குறிப்பைத் தேடுகிறோம்.

ஓவியம் இப்போது லண்டன் டேட் தொகுப்பில் உள்ளது. கவிஞர் சீக்ஃபிரீட் சசூன் 1963இல் அதனை வழங்கினார், டாட் குடும்பத்தைச் சேர்ந்த தம் போர்க்களத் தோழர் ஜூலியன் டாட், அவருடைய சகோதரர் இருவர் ஆகியோர் நினைவாக. அந்தக் குடும்பப் பெயர் கொலையோடு மட்டும் நினைக்கப்படுவதை அவரும் விரும்பியிருக்கமாட்டார் என்றே எண்ணுகிறேன்.