இரண்டாம் தாங்கி பதுக்கலா?

லொறியில் இரண்டாவது டீசல் தாங்கியைப் பொருத்தும் சாரதி பதுக்கற்காரனா? எரிபொருள் தட்டுப்பாடு நேரும்போதெல்லாம் ‘ஆம்’ என்று விடை பகர்வோர் நம்மிடையே உளர். ‘அன்று’ என்கின்றோம் நாம். பதுக்கல் என்பது பொருளை மறைத்து வைத்து, விலை ஏறியபின் விற்பது. நெடுந்தூர லொறியின் தாங்கியிலுள்ள டீசலோ விற்பனைக்குரியதன்று. வீதியில் எரிந்து தீர்வதற்குரியது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாத ஆட்சி, களவையும் உழைப்பையும் ஒரே தராசில் நிறுக்கின்றது.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திரார். 2021 டிசெம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், 2022 ஜூன் மாத இறுதியில் 460 ரூபாவாயிற்று. அவ்விலையைக் கொடுக்க முன்வந்தவனுக்கும் டீசல் கிடைத்ததா? இல்லை. நாட்கணக்கில் வரிசையில் நின்றோரிற் சிலர் அவ்வரிசையிலேயே உயிர் நீத்தனர். ஜூலையில் கியூ.ஆர். முறைப் பங்கீடு வந்தது. லொறி ஒன்றுக்குக் கிழமைக்கு 50 லீற்றர் என்பது தொடக்கத்தில் வகுக்கப்பட்ட பொது அளவு.

இவ்வளவின் நீதியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பாரம் ஏற்றிய லொறி ஒன்று லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடுகின்றது என்று கொள்வோம். 50 லீற்றருக்கு 200 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளை ஏறத்தாழ 250 கிலோமீற்றர். கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வெங்காயம் ஏற்றிப் புறப்பட்ட லொறி வவுனியாவைத் தாண்டும். தம்புள்ளைச் சந்தையை எட்டாது. கொழும்புக்குப் போய் மீள்வதற்கு 200 லீற்றர் வேண்டும். அஃதாவது நான்கு கிழமைப் பங்கு! கொழும்பு நகரினுள்ளே பொதி சுமக்கும் லொறிக்கும் 50. வலிகாமத்திலிருந்து கொழும்பு செல்லும் லொறிக்கும் 50. இதனைச் சமத்துவம் என்றனர். தூரத்தைப் பாராத சமத்துவம், தொலைவில் வாழ்பவனுக்கு இழைக்கும் அநீதியன்றி வேறென்ன?

‘தாங்கியைப் பெருப்பித்தால் டீசல் பெருகுமா?’ என்று எதிர்த்தரப்பார் வினவுவர். பெருகாது, ஒப்புகின்றோம். ஆயினும், கிடைக்கின்ற இடத்தில், கிடைக்கின்ற நாளில் நிரப்பிக்கொண்டு, இடைவழியில் ஒரு வரிசையிலும் நில்லாமற் போய்த் திரும்பும் வல்லமையை அது தருகின்றது. வரிசையில் நிற்கும் லொறியில் வாடுவது யாருடைய பொருள்? கமக்காரனுடைய பொருள். கத்தரியும் தக்காளியும் பங்கீட்டு அட்டை வரும்வரை காத்திருப்பதில்லை.

2022இல் பீப்பாய்களிலும் கலன்களிலும் எரிபொருள் விற்பதைத் தடை செய்தனர். அத்தடைக்கு நியாயம் உண்டு. மூடி தளர்ந்த பீப்பாயை மூடைகளுக்கிடையே ஏற்றிச் செல்பவன் தன் உயிருக்கும் பிறர் உயிருக்கும் கேடு சூழ்கின்றான். அவனுக்காக நாம் வழக்குரைக்க வரவில்லை. ஆனால், வண்டியோடு நிலையாகப் பிணைத்து, இயந்திரத்துக்கு நேரே டீசல் ஊட்டும் தாங்கி பீப்பாய் ஆகாது. 

இவ்வேறுபாடு நாம் கற்பித்ததன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு எரிபொருள் வரிப் பணிப்பு, வண்டியின் வழக்கமான தாங்கியிலுள்ள எரிபொருளுக்கு எல்லை கடந்தபின் மீண்டும் வரி இல்லை என்கின்றது. நெதர்லாந்தில் டீசல் நிரப்பிய ஜெர்மனிய லொறி ஒன்றின் தாங்கிகள், வண்டியை ஆக்கிய தொழிற்சாலை பொருத்தியவை அல்ல என்று காட்டி, ஜெர்மனியச் சுங்கத்தினர் வரி கேட்டனர். வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை சென்றது. 2014 செப்டெம்பர் 10ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தாங்கி நிலையாகப் பொருத்தப்பட்டு வண்டியின் ஓட்டத்துக்கு நேரே பயன்படுமாயின், அதனைப் பொருத்தியவர் வேறொருவர் என்பதனாலேயே அது விலக்கப்படாது என்றது நீதிமன்றம். யார் பொருத்தினார் என்பதன்று வினா. எதற்குப் பயன்படுகின்றது என்பதே வினா. சட்டம் இங்ஙனமன்றோ சிந்திக்க வேண்டும்!

உரிமை கேட்போர் பொறுப்பையும் ஏற்க வேண்டும். அமெரிக்காவில் நெடுந்தூர இழுவை லொறிகளின் இருபுறமும் இரு தாங்கிகள் இருப்பது வழமை. ஆங்கே பக்கத்தில் மாட்டும் தாங்கியின் மாதிரியை, முழு எரிபொருளின் நிறைக்கு ஒத்த நீரை நிரப்பி, 30 அடி உயரத்திலிருந்து மூலை படும்படி விழுத்திச் சோதிக்க வேண்டும் என்பது விதி. வெப்பத்தால் டீசல் விரியுமாதலால், நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் நிரம்பாதபடி தாங்கி அமைய வேண்டும் என்பதும் விதி. இரு தாங்கிகளையும் இணைக்கும் குழாய் கீழே தொங்கிக் கல்லில் அடிபட்டால், இரண்டும் ஒருங்கே ஒழுகிவிடும். ஆகவே குழாய்க்குக் காப்பும், ஒவ்வொரு தாங்கிக்கும் அடைப்பு வாயிலும் வேண்டும். பாரத்தையும் மறத்தலாகாது. 300 லீற்றர் டீசல் ஏறத்தாழ 250 கிலோ. அஃதாவது 50 கிலோ வெங்காய மூடை ஐந்து. அனுமதித்த பாரத்தினுள் அதனையும் அடக்க வேண்டும்.

வடபுலத்தார்க்கு எரிபொருள் வெறும் செலவுக் கணக்கன்று. 1990களின் பொருளாதாரத் தடையிலே மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவர்கள் நாம். ஏ-9 வீதி 2002இல் திறந்ததையும், 2006இல் மூடியதையும், 2009இல் மீளத் திறந்ததையும் கண்டவர்கள் நாம். வழியும் எண்ணெயும் பிறர் கையில் இருக்கும்போது, விளைந்த பொருளும் விளைத்தவன் கையில் இல்லை என்பதை நமக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

அந்தப் பங்கீடு 2023 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது. ஆனால், எண்ணெயை இறக்குமதி செய்து வாழும் நாட்டில், இன்னொரு தட்டுப்பாடு வராது என்று எவரால் உறுதி கூற முடியும்? ஆதலின் மூன்றைக் கேட்கின்றோம். மேலதிகத் தாங்கி எவ்வாறு அமைய வேண்டும், அதனை யார் சோதித்துப் பதிவது என்பதைத் தெளிவான விதியாகத் தமிழிலும் வெளியிடுக. பதிவு பெற்ற தாங்கியைப் பீப்பாயோடு சேர்த்துக் குற்றமாக்காதிருக்க. பங்கீடு மீண்டும் வகுக்க நேரின், வண்டியின் வகையை மட்டுமன்றி அது ஓடும் தூரத்தையும் அளந்து வகுக்க.

கமக்காரர் சங்கங்களும் லொறி உரிமையாளரும் இக்கோரிக்கைகளை இப்போதே எழுத்தில் இடுவாராக. வரிசையில் நிற்கும் நாளில் விண்ணப்பம் எழுத நேரம் கிடையாது.