காவலாளியே மயங்கி விழுந்தால்?

எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கும் இணைய தளத்தைத் திறக்கும்போது, அது முதலில் தன் சான்றிதழைக் காட்டுகிறது. "இது உண்மையான தளம்தான்" என்று ஒரு நிறுவனம் அதில் டிஜிட்டல் கையெழுத்து போட்டிருக்கும். அந்த நிறுவனத்திற்கு இன்னொன்று கையெழுத்திட்டிருக்கும். இந்தச் சங்கிலி, நம் கம்ப்யூட்டர் ஏற்கெனவே நம்பும் நிறுவனம் ஒன்றில் போய் முடிந்தால்தான் கதவு திறக்கும்.

சோதிக்கும் காவலாளியையே மயங்க வைத்துவிட்டால்? கூகுள் 2009ல் வெளியிட்ட 'கோ' என்ற புரோகிராம் மொழியில் இதற்கு வழி இருந்தது.

2018ல் தெரிய வந்த குறை இது: சங்கிலியை எத்தனை வழிகளில் கோர்த்துப் பார்ப்பது என்பதற்குக் கோ மொழியில் வரம்பே இல்லை. பத்துச் சீட்டுகளை வரிசைப்படுத்த 36,28,800 வழிகள் உண்டு. ஒன்றுக்கொன்று பொருந்துவது போன்ற சான்றிதழ்களை ஒருவர் வேண்டுமென்றே அனுப்பினால், பிராசசர் அதிலேயே மூழ்கிவிடும். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 1.10.6, 1.11.3 பதிப்புகளில் இது சரி செய்யப்பட்டது. மருந்து எளிது. கையெழுத்துச் சோதனை 100ஐத் தாண்டினால் நிறுத்திவிடு, அவ்வளவுதான்!

2024 மார்ச்சில் இன்னொன்று. சான்றிதழில் தனக்குத் தெரியாத வகைச் சாவி இருந்தால், மறுத்து அனுப்புவதற்குப் பதிலாகப் புரோகிராமே நின்றுவிடும். 1.21.8, 1.22.1 பதிப்புகள் இதைச் சரி செய்தன.

"தகவல் எதுவும் திருடு போகாதே, பிறகென்ன கவலை?" என்று சிலர் கேட்கலாம். கடைசி நாளில் கட்டணம் கட்ட உட்கார்ந்து, தளம் திறக்காமல் தவித்தவரிடம் கேளுங்கள். சேவை கிடைக்காமல் போவதும் நஷ்டம்தான்.

உங்கள் பிரவுசர் சான்றிதழைச் சோதிக்கக் கோ மொழியை நம்பியில்லை. ஆனால், வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இடையே பைல்களை ஒத்திசைக்கும் சிங்திங் போன்ற புரோகிராம்கள் கோ மொழியில் எழுதப்பட்டவை. இந்த மொழியில் எழுதும் புரோகிராம், சான்றிதழைச் சோதிக்கும் பகுதியையும் தன் வயிற்றுக்குள்ளேயே சுமந்து வரும். எனவே மொழியைத் திருத்தினால் மட்டும் போதாது. ஒவ்வொரு புரோகிராமையும் அதைத் தயாரித்தவர் மீண்டும் உருவாக்கித் தர வேண்டும். நீங்களும் அதை இன்ஸ்டால் செய்திட வேண்டும்.

இதில் எங்கள் தரப்புத் தவறும் உண்டு. அப்டேட் தரும்போது "சில மேம்பாடுகள்" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறோம். நானும் அப்படி எழுதியவன்தான். படிப்பவர், மேம்பாடு இல்லாமலே நன்றாக ஓடுகிறதே என்று 'பிறகு நினைவூட்டு' பட்டனில் கிளிக் செய்துவிடுகிறார். "பாதுகாப்புக் குறை ஒன்றை நீக்கியுள்ளோம், உடனே இன்ஸ்டால் செய்யுங்கள்" என்று எழுத எங்களுக்கு என்ன தயக்கம்? குறையை ஒப்புக்கொள்வது அவமானமல்ல, மறைப்பதுதான் அவமானம்.

நாங்கள் திருந்தும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இணையத்துடன் தொடர்பு கொள்ளும் ஒவ்வொரு புரோகிராமிலும் ஹெல்ப் மெனு சென்று, அபவுட் பிரிவில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். பழையதாக இருந்தால், தயாரித்தவரின் தளத்திலிருந்தே புதியதை இறக்கிக்கொள்ளுங்கள். பயன்படுத்தாத புரோகிராமா? தயங்காமல் நீக்கிவிடுங்கள்.