பெட்டியில் அச்சிட்ட வாட்

விதிக்குப் புறம்பான எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்திய வண்டிகளுக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் அபராதம் விதிக்க வேண்டுமென்று கேரள உயர் நீதிமன்றம் 2024-இல் உத்தரவிட்டதிலிருந்து, வாளையாறு வழியாகவும் செங்கோட்டை வழியாகவும் அங்கே போய்வரும் வண்டிக்காரர்கள் நம் பட்டறைகளில் வந்து, ‘எத்தனை வாட் போட்டால் பிடிக்கமாட்டார்கள்?’ என்று கேட்கிறார்கள். உத்தரவை நாம் பூரணமாக ஆதரிக்கிறோம். எதிரே வருபவரின் பார்வையைப் பறிக்கும் ஒளியைப் பொருத்திக் கொடுப்பது நம் தொழிலுக்குத் தர்மமல்ல. ஆனால் அந்தக் கேள்வியே தவறான அளவுகோலைப் பற்றிக்கொண்டு எழுகிறது.

ஹாலஜன் காலத்தில் வாட்டைச் சொன்னால் வெளிச்சத்தைச் சொன்னதாயிற்று. 60/55 எச்4 என்றால், 13.2 வோல்ட்டில் பிரைட்டுக்கு 1,650, டிம்முக்கு 1,000 லூமன் என்பது சர்வதேசப் பிரமாணம். ஒழுங்கான பல்பு எதுவும் அதை ஒட்டியே நிற்கும். எல்.இ.டி.யிலோ, வாட் என்பது பேட்டரியிலிருந்து இழுக்கும் சக்தி மாத்திரமே. அதில் எவ்வளவு ஒளியாகும், எவ்வளவு உஷ்ணமாகும் என்பது சிப்பின் தரத்தையும் ஹீட் சிங்கையும் பொறுத்தது. அந்த ஒளி ரோட்டில் விழுமா, எதிராளியின் கண்ணில் விழுமா என்பதோ, இழை இருந்த ஸ்தானத்திலேயே சிப் பிசகாமல் அமைந்ததா என்பதைப் பொறுத்தது. எச்4-இன் டிம் இழைக்கு அடியிலிருந்த சிறு உலோகக் கிண்ணத்தின் வேலையைச் செய்யத் தெரியாத பல்பு, 20 வாட்டானாலும் கண்ணைக் கூசவைக்கும்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்ததே. நாம் நெடுநாளாக முறையிட்டுவருவது பெட்டியின் மேலுள்ள எண்ணைப் பற்றி. ‘200 வாட்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு வரும் பல்பை மேசையில் வைத்து, 13 வோல்ட் கொடுத்து, ஆம்பியர் மீட்டரைக் கோத்துப் பார்த்தால், முள் 2 ஆம்பியருக்கு மேல் ஏறுவதில்லை; ஆக, 26 வாட். அரைமணி நேரம் எரிந்து சூடேறியபின் அதுவும் இறங்குகிறது. லூமன் கணக்கோ, சிப்பின் உச்ச அளவைப் பெருக்கி, ஜோடி இரண்டையும் கூட்டிப் போட்டது. இந்தப் பொய்யை நம்பித்தான் வாடிக்கையாளர் வேண்டாத ரிலேக்கும் தடித்த வயருக்கும் காசு கொடுக்கிறார். வெளிச்சம் போதவில்லையென்றால் பழி மட்டும் எலக்ட்ரீஷியன் தலையில் விழுகிறது.

2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில், வண்டியை மாற்றிய உரிமையாளரைத் தண்டிப்பது நான்காம் உட்பிரிவு. அதற்கு முந்திய மூன்றாம் உட்பிரிவு, முக்கியப் பாதுகாப்பு உறுப்பென்று மத்திய அரசு அறிவித்த பாகங்களில் விதிக்கு ஒவ்வாததை விற்பவருக்கு ஓராண்டு வரை சிறையும், பாகம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்க இடங்கொடுக்கிறது. அதிகாரிகள் நான்காவதைச் சாலையில் தினமும் பிரயோகிக்கிறார்கள். மூன்றாவதை ஹெட்லைட் பல்பு விற்கும் கடைவாசலுக்குக் கொண்டுபோக ஏன் தயங்குகிறார்கள்? சூடேறியபின் இழுக்கும் வாட்டையும், ஒற்றைப் பல்பின் மெய்யான லூமனையும் பெட்டியில் அச்சிடும்படி இறக்குமதியாளரைக் கட்டாயப்படுத்த அவர்களுக்கு என்ன தடை?

ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகும் வேலையை நம் தொழிலாளர் மறுத்தே ஆகவேண்டும். மறுக்கிறோம். நாம் திருப்பியனுப்பிய வாடிக்கையாளர், அடுத்த கடையில் அதே பெட்டியை வாங்கித் தாமே செருகிக்கொண்டு சோதனைச் சாவடிக்குப் போகும்போது, விற்றவரை விட்டு அவரிடம் மட்டும் 5,000 வசூலிப்பது எந்த நியாயம் என்பதற்குப் போக்குவரத்துத் துறை பதில் சொல்லட்டும்.