பிரஷர் மேசையில அஞ்சு நிமிஷம் உட்காருங்க



போன மாசம் நம்ம பங்சார் கோயில் மண்டபத்துல இலவசமா பிரஷர் பார்த்தோம். நல்ல சேவைதான். ஆனா அதுல நாங்க செஞ்ச தப்பையும் சொல்லணும்.

அன்னதான வரிசைக்குப் பக்கத்துலயே மேசை போட்டுட்டோம். படியேறி மூச்சு வாங்க வந்தவங்க, கோப்பி குடிச்ச கையோட வந்தவங்க, பேசிக்கிட்டே கையை நீட்டினவங்க, எல்லாருக்கும் சட்டைக் கை மேலேயே பட்டையைச் சுத்தி ஒரே நிமிஷத்துல முடிச்சோம். ஒரு அக்காவுக்கு 162 காட்டுச்சு. பயந்து அழுதுட்டாங்க. பத்து நிமிஷம் அமைதியா உட்கார வச்சு, சட்டைக் கையை விலக்கிட்டுப் பார்த்தா 138.

நாங்க ஃபேக்டரியில வேலை பார்க்கிறவங்க. கேஜ் சரியா காட்டலன்னா மிஷினை ஓட்ட மாட்டோம். சொந்த உடம்புக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?

மேல் எண், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது இருக்கிற அழுத்தம். கீழ் எண், இதயம் தளரும்போது இருக்கிறது. கிளினிக்குல வேற வேற நாள்ல பார்த்தும் 140/90 அல்லது அதுக்கு மேல இருந்தா அதுதான் ரத்தக்கொதிப்பு. ஒரு தடவை பார்த்து யாரும் முடிவு பண்ணக்கூடாது.

அளக்குறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி கோப்பி, சிகரெட் வேணாம். சிறுநீர் கழிச்சிட்டு வாங்க. முதுகு சாய்ஞ்சு, கால் தரையில பட, அஞ்சு நிமிஷம் உட்காருங்க. கை நெஞ்சு மட்டத்துல இருக்கணும். பேசக்கூடாது. ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாவது தடவையும் பாருங்க.

குறைவா காட்டினாலும் ஆபத்து உண்டு. எங்க தொண்டர் அண்ணன் ஒருத்தருக்கு 126 காட்டுச்சு. "சாமி புண்ணியத்துல சரியாயிடுச்சு"ன்னு மாத்திரையை நிறுத்திட்டார். மாத்திரை போட்டதாலதான் அந்த 126-னு அவருக்குப் புரியல. நாலு மாசத்துல பக்கவாதம் வந்துருச்சு. பத்துமலையில காவடிக்குத் தோள் கொடுத்தவர், இன்னிக்கு வலது கையால கரண்டி பிடிக்க முடியல.

2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி நம்ம நாட்டுல பெரியவங்க பத்து பேர்ல கிட்டத்தட்ட மூணு பேருக்கு இந்த நோய் இருக்கு. சாமியைக் கும்பிடுங்க, மாத்திரையையும் போடுங்க. விரதம்னாலும் டாக்டரைக் கேட்காம நிறுத்தாதீங்க. அரசாங்கக் கிளினிக்குல நமக்கு 1 ரிங்கிட்தான்.

அடுத்த தடவை மேசையைத் தனியா அமைதியான மூலையில போட்டு, சாயுற நாற்காலியும் வைக்கிறோம். நீங்க அஞ்சு நிமிஷம் மட்டும் கொடுங்க. சாப்பாடு எங்கேயும் போயிடாது, எடுத்து வைக்கிறோம்.

அம்பாள் துணை.