ஸ்டீயரிங்கைக் கழற்றி நேராக மாட்டினால் போதுமா?

கேள்வி: ‘‘காய்கறி மூட்டையும் பால் கேனும் ஏற்றிச் செல்லும் எங்கள் காரில் முன்டயர்கள் உள்பக்கமாகத் தேய்ந்தன. நூல் கட்டி அளந்து, ஒரு பக்க டை ராடைத் திருகி, வீட்டிலேயே வீல் அலைன்மென்ட் செய்தோம். இப்போது வண்டி நேராக ஓடுகிறது. ஆனால், ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது. டாஷ்போர்டில், கார் சறுக்குவது போன்ற படம் போட்ட மஞ்சள் விளக்கும் அணையவில்லை. ஸ்டீயரிங்கைக் கழற்றி நேராக மாட்டிவிடலாமா?’’

பதில்: கழற்ற வேண்டாம். ஸ்டீயரிங்கின் நடுவில் ஏர்பேக் இருக்கிறது. முறை தெரியாமல் கை வைத்தால் அது வெடித்துக் காயப்படுத்தக்கூடும். கழற்றி மாட்டினாலும் கோணல் கண்ணுக்கு மறையுமே தவிர, கோளாறு அப்படியே இருக்கும்.

சறுக்கலைத் தடுக்கும் வசதி உள்ள வண்டிகளில், ஸ்டீயரிங் தண்டில் ஒரு சென்சார் இருக்கும். ஓட்டுநர் எந்தப் பக்கம், எத்தனை டிகிரி திருப்புகிறார் என்பதை அது கணினிக்குச் சொல்லும். வண்டி உண்மையில் எப்படித் திரும்புகிறது என்பதை வேறொரு சென்சார் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், வண்டி சறுக்குவதாக நினைத்து, கணினி தானாகவே ஏதாவது ஒரு சக்கரத்துக்கு பிரேக் கொடுக்கும்.

டயரின் முன்பக்க, பின்பக்க இடைவெளியில் 5 மில்லிமீட்டர் மாற்றம் செய்வதாக வைத்துக்கொள்வோம். சிறிய கார் டயரில் இது ஏறக்குறைய அரை டிகிரி. முழு மாற்றத்தையும் ஒரே பக்கம் செய்தால், இரண்டு சக்கரங்களும் ஆளுக்குக் கால் டிகிரி பகிர்ந்துகொண்டு நேராக ஓடும். சக்கரம் 1 டிகிரி திரும்ப, ஸ்டீயரிங் சுமார் 15 டிகிரி திரும்ப வேண்டும். அதனால், ஸ்டீயரிங் ஏறக்குறைய 4 டிகிரி கோணலாக நிற்கும். நேராகப் போகும்போதே ‘திருப்புகிறார்’ என்று சென்சார் தவறாகச் சொல்லும். மழையில் நனைந்த சாலையில், பாரத்தோடு வளைவில் போகும்போது இந்தத் தவறான கணக்கு ஆபத்து.

செய்ய வேண்டியவை, இந்த வரிசையில்:

1. பாரத்தை இறக்கிவிட்டு, நான்கு டயர்களிலும் குறிப்பிட்ட அளவு காற்று நிரப்பி, சமதளத்தில் நிறுத்த வேண்டும். டை ராடு முனை, பால் ஜாயின்ட் ஆட்டம் காண்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் எந்த அளவும் நிற்காது.

2. ஸ்டீயரிங்கை நேராக வைத்துப் பூட்டிவிட்டு, இரண்டு பக்க டை ராடுகளையும் திருகி அளவைச் சரிசெய்ய வேண்டும். லாக் நட்டை இறுக்க மறக்கக் கூடாது.

3. காலியான, சமமான சாலையில் மெதுவாக ஓட்டி, ஸ்டீயரிங் நேராக நிற்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும்.

4. அதன் பிறகுதான் சென்சாரைச் சரிசெய்ய வேண்டும். ஸ்டீயரிங் கோணலாக இருக்கும்போது செய்தால், கோணலையே ‘நேர்’ என்று கணினி பதிந்துகொள்ளும்.

சில வண்டிகளில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினாலோ, சிறிது தூரம் நேராக ஓட்டினாலோ சென்சார் தானே சரியாகிவிடும். மற்றவற்றுக்கு ஸ்கேனர் கருவி தேவை. உங்கள் வண்டி எந்த வகை என்பதைக் கையேட்டில் பாருங்கள். ஸ்கேனர் வைத்துள்ள மெக்கானிக்கிடம், ‘ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரை ஜீரோ செய்யுங்கள்’ என்று கேளுங்கள். நேராக நிற்கும்போது திரையில் 0 டிகிரி காட்டுகிறதா என்பதையும் பாருங்கள்.

மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்தால், சறுக்கல் தடுப்பு வேலை செய்யவில்லை என்று பொருள். வழக்கமான பிரேக் பிடிக்கும். என்றாலும், சரிசெய்யும் வரை பாரம் ஏற்றாமல் மெதுவாக ஓட்டுவது நல்லது. சிவப்பு நிறத்தில் பிரேக் விளக்கோ, ஸ்டீயரிங் விளக்கோ எரிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

சாதாரண டிராக்டருக்கு இந்தச் சென்சார் வேலை கிடையாது. முன்சக்கரங்களுக்கு இடையே, அச்சு உயரத்தில், முன்னும் பின்னும் அளந்து, கையேட்டில் உள்ளபடி டை ராடைச் சரிசெய்தாலே போதும்.